லீவில் இருந்த டாக்டர்

"அந்த டாக்டர் லீவுலம்மா. வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்னா, உங்க தம்பி பயணம் தாங்க மாட்டார்." சின்ன டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் குழாயில் போய் அடைத்து, சீழ் பிடித்து, தம்பி மஞ்சள் கண்ணோடு கிடக்கிறான். இந்த நிலையில் வயிற்றைக் கிழித்தால் பிழைக்க மாட்டான். வாய்வழியே குழாய் விட்டுத்தான் கல்லை எடுக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் இங்கே அந்த ஒருவர்தான்.

வராந்தா பெஞ்சில் விழுந்து வாய்விட்டு அழுதாள். கோடு போட்ட ஆஸ்பத்திரி அங்கியில் ஒரு நோயாளி, சுவரைப் பிடித்தபடி அன்னநடை நடந்து வந்து நின்றார்.

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

"என் தம்பிக்கு. அம்மா போனப்புறம் நான்தான் தூக்கி வளர்த்தேன். கல்லு அடைச்சு அவன் உயிர் ஊசலாடுது. எடுக்க வேண்டிய மகராசன் எந்தக் கடற்கரையில காத்து வாங்கறாரோ!"

அவர் களுக்கென்று சிரித்துவிட்டு, சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதீங்கம்மா, தையல் இழுக்குது. எனக்கும் கல்லுதான். நேத்து நாலு ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்தாங்க, இன்னிக்கே நடக்க விட்டுட்டாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் துக்கம் இவருக்கு வேடிக்கை.

"குளிர் நடுக்கம் இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

"நடுக்கம் இருக்கு, மாத்திரை இல்ல. இதையேதான் சின்ன டாக்டரும் கேட்டாரு. கேள்வி கேக்க ஆயிரம் பேர், காப்பாத்த ஒருத்தர் இல்ல. போய்ப் படுங்க சார்!"

அவர் வந்த வழியே சுவரைத் தடவிக்கொண்டு போய்விட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் சின்ன டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "லீவுல இருந்த பெரிய டாக்டர் வந்துட்டாரும்மா! தம்பியை தியேட்டருக்குக் கொண்டு போறோம்."

அவள் ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள். தியேட்டர் கதவு திறந்தது. உள்ளே, முகமூடி அணிந்து முதுகு காட்டி நின்ற டாக்டருக்கு நர்ஸ் ஒரு கனத்த கவச உடையை மாட்டிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே உடம்பில் படாமல் இருக்க, ஈயம் வைத்துத் தைத்தது.

இவர் காலில் விழலாம் போலிருந்தது அக்காவுக்கு. கும்பிட்ட கையோடு நின்றாள். முகம் தெரியவில்லை, குரல்தான் கேட்டது.

"மெதுவாக் கட்டும்மா, தையல் இழுக்குது."