தனித் தட்டு

"நீ கிளம்பிடும்மா. உனக்கு வயசிருக்கு, வேற வாழ்க்கை அமையும். இவனை நான் பாத்துக்கறேன்."

மருத்துவமனையின் ஆலோசனை அறை என்றுகூடப் பார்க்காமல் மாமியார் மருமகளிடம் சொன்னாள். பக்கத்திலேயே அவள் மகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். போன மாதம் அலமாரியில் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு அவள் துருவித் துருவிக் கேட்டபோது, "எனக்கு எச்.ஐ.வி. இருக்கும்மா" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அந்தத் தையற்கார அம்மாவுக்குத் தூக்கம் போனது. மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணல்மாணலாக ஓடியது.

"நான் எங்கயும் போகல அத்தை," என்றாள் மருமகள். அழுதழுது குரல் கட்டியிருந்தது.

மாமியார் ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா மேடம், தங்கமான பொண்ணு. இவனுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வச்சுட்டேன். கூடத்துல தனியா படுக்கச் சொல்லிட்டேன். அப்படியும் இவளுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, எந்த முகத்த வச்சுக்கிட்டு இவங்கம்மாவைப் பாப்பேன்?"

ஆலோசகர் கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"தட்டால, டம்ளரால இது ஒட்டாதும்மா. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தா, அவங்க தினமும் மாத்திரையை விடாம சாப்பிடணும். கிருமி அளக்கவே முடியாத அளவுக்கு அடங்கிடும். அப்படி அடங்கியே இருக்கிற வரைக்கும், புருஷன் பொண்டாட்டியா வாழ்ந்தாலும் மத்தவருக்குப் பரவாது."

"வாழ்ந்தாலுமா?"

"வாழ்ந்தாலும்தான். டாக்டர் சொல்றபடி நடந்தா, ஆரோக்கியமா குழந்தையும் பெத்துக்கலாம்."

அம்மா அலமாரியில் பார்த்த டப்பாவை நினைத்துக்கொண்டாள். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத மாத்திரைக்கு இவ்வளவு சக்தியா? பிரமிப்பு மாறாமலே, மருமகள் பாதி குடித்து வைத்திருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். வீட்டிலும் அப்படித்தான், அவள் வைத்த மிச்சம்தான் இவளுக்கு ருசி.

"பாவி நான், பெத்த புள்ளையப் போய் ஒதுக்கி வச்சேனே," என்று மகனின் முதுகைத் தடவினாள்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"ரத்தம் எடுக்கணும், வாங்க."

மகன் அவசரமாக எழுந்தான். மருமகள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"போதுங்க. என் மாத்திரைய உங்களுதுன்னு சொல்லி, எனக்காக நீங்க தனித் தட்டுல சாப்பிட்டது போதும்," என்றவள், தன் கையை நர்ஸிடம் நீட்டினாள்.

அம்மா மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தாள்.

பிறகு மிச்சமிருந்த டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள்.

"இரும்மா, நானும் வரேன். ஊசி வலிச்சா என் கையப் பிடிச்சுக்கோ."