முதல் பயணி

ஆலங்குறிச்சி மகாஜனங்களுக்கு அறிவிப்பது யாதெனில், 1957 தை முதல் எக்ஸ்பிரஸ் ரயில் நம்மூரிலும் நிற்கும். ஆள் இறங்காவிட்டால் நிறுத்தம் ரத்து என்று ரயில்வேக்காரர்கள் சொல்லியிருந்ததால், வரவேற்புக் குழுத் தலைவர் தேனப்பன் செட்டியார் பிளாட்பாரத்தில் மாலையோடு தவித்துக்கொண்டிருந்தார்.

ரயில் நின்றது. ஒரே ஒருவர் இறங்கினார். போன வருஷம் தேனப்பன் தன் கையால் கொள்ளி வைத்த அண்ணன் மெய்யப்பன்.

"எங்கேருந்து வந்தா என்னங்க, எறங்குனவரு எறங்குனவருதானே. மாலையப் போடுங்க" என்றார் குழுச் செயலாளர் ஷேக் பரீது.

தேனப்பன் போட்டார். கையில் பட்ட அண்ணன் கழுத்து சில்லென்றிருந்தது.

"நல்லாருக்கியா தம்பி?" என்றார் அண்ணன்.

"இருக்கேண்ணே. போட்டோவுக்குக் கொஞ்சம் இங்கிட்டுத் திரும்புங்க."

அண்ணன் திரும்பினார். பிறகு மாலையைக் கழற்றாமலே வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஆலங்குறிச்சிக்கு அன்று யாருமே டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லி, மறுவாரம் நிறுத்தத்தை ரத்து செய்தார்கள்.