வேதவல்லிக்கு முதல் டோக்கன்

கூட்டங்களுக்கு எங்கள் குடியிருப்பில் யாரும் நேரில் போவதில்லை. கணினி செய்த அவரவர் குரலின் நகல் போய்ப் பேசும், வாக்களிக்கும். நூறு பேர் சேர்ந்து கேட்டால்தான் இங்கே ஆஸ்பத்திரி கட்டத் தொண்டு நிறுவனம் பணம் தரும். நாங்கள் சரியாக நூறு பேர்.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே, என் மனைவி வேதவல்லி மூச்சுத்திணறி இறந்தாள். மறுநாள் சங்கச் செயலாளர் எஸ்தர் வந்து அழுதாள்.

"அண்ணே, அக்காவுக்கு டெத் சர்டிபிகேட் வாங்கினா நாம தொண்ணூத்தொம்பது ஆயிடுவோம். இங்க ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் படத்துக்கு மாலைகூடப் போடாதீங்க."

போடவில்லை. ஏழு மாதம் அவள் குரலின் நகல் ஒரு கூட்டம் விடாமல் போய், "எங்க தெருவுக்கு டாக்டர் வேணும், எனக்கு மூச்சு முட்டுது" என்று சண்டை போட்டது.

இன்று ஆஸ்பத்திரி திறப்பு விழா. நிதி கொடுத்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகம் போராடியவருக்கே முதல் டோக்கன் என்று தொண்டு நிறுவனத்தார் அறிவித்தார்கள்.

"வேதவல்லி!" என்று நர்ஸ் கூப்பிட்டாள். எங்கள் தெருவே தலைகுனிந்தது. மூன்றாம் முறை கூப்பிட்டதும் நான் எழுந்தேன்.

"அவங்க வரலையா, ஐயா?"

"வழியிலதாம்மா இருக்கா," என்றேன்.