கரண்ட் வேண்டாத பெட்டி

"இந்தச் சின்னப் பெட்டியில பேசினா கொசு பாடுற மாதிரிதான் இருக்கும் மாப்பிள்ளை. கூட ஒரு பாஸ் பெட்டி போட்டாத்தான் நாலு ஜனம் நின்னு கேக்கும்," என்றார் சவுண்டு.

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சவுண்டு என்றால்தான் திரும்புவார். சக்கரம் வைத்த மைக் செட், ஒரு ஆட்டோ, ஓயாத வாய், இவைதான் அவர் பிழைப்பு. மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது இப்போது வந்திருந்த வீட்டுப் பெரியவரின் மருமகனை.

"என்ன வேணா போடுங்க. மாமா கிடைச்சாப் போதும்."

பெரியவர் அந்த வீட்டில் தனியாக இருப்பவர். மகளும் மருமகனும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் வந்து பார்த்தால் வீடு ஆவென்று திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். செருப்பு வாசலிலேயே இருக்கிறது. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குப் பேச்சு வராது. எங்கேயாவது வழி தவறிப் போய் நின்றால் யாரிடம் என்னவென்று சொல்வார், பாவம்? மகள் அழுதுகொண்டே தெருத் தெருவாகத் தேடப் போயிருந்தாள்.

"வீட்டை இப்படியா போட்டுட்டுப் போவாரு? கேட்டு, கதவு, பீரோ, எல்லாம் திறந்து கிடந்துச்சு. ஒவ்வொண்ணா நான்தான் மூடினேன்," என்றார் மருமகன். பேசிக்கொண்டே சவுண்டின் பையையும் ஜிப்பை இழுத்து மூடினார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"பைப்புல சொட்டு வரலைங்க. மத்தியானம் விடுவாங்களாம். விட்டா தொட்டி தானா நிரம்பிடும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

சவுண்டு பாஸ் பெட்டியை இறக்கினார். தரையைப் பார்த்து உறுமுகிற ரகம் அது, ஆடாமல் நிற்க வேண்டும். வாசலில் மேடு பள்ளம் இல்லாத இடம் ஒரு சதுர சிமென்ட் பலகைதான். அதன் மேல் வைத்தார்.

"இதுக்கு கரண்ட் எங்க சொருகணும்?"

"இதுக்குன்னு சொந்தமா கரண்டே வேண்டாம் மாப்பிள்ளை. அந்தச் சின்னப் பெட்டி குடுக்கிறதை வாங்கிக்கிட்டுப் பேசும். வயரைச் சொருகினா வேலை முடிஞ்சுது. நானும் வீட்டுல அப்படித்தான், அவ சொன்னாத்தான் வாயைத் திறப்பேன்."

சொல்லிவிட்டு மைக்கை எடுக்க ஆட்டோவுக்குப் போனார். அதற்குள் மருமகன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று வயரைச் சொருகி, சுவிட்சையும் போட்டுவிட்டார்.

டொம். டொம். டொம்.

மைக் இன்னும் உறைக்குள் இருக்கிறது. பாட்டும் போடவில்லை. ஆனாலும் சின்னப் பெட்டி இடித்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மறுபடியும், டொம், டொம், டொம்.

மருமகனுக்கு வேர்த்துவிட்டது. "என்னங்க இது, உள்ள யாரோ இருக்கிற மாதிரி..."

சவுண்டு ஓடி வந்தார். பாஸ் பெட்டியைத் தூக்கினார். சத்தம் நின்றது. இறக்கி வைத்தார். வந்தது. மறுபடி தூக்கிப் பார்த்தார், நின்றது.

"தூக்கினா அடங்குது, கீழ விட்டா கத்துது. கைக்குழந்தை தோத்துது போங்க," என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. பெட்டியைக் கீழே வைத்ததும் இடி முன்பைவிட வேகமாக வந்தது, அவர் பேசியது அதற்குக் கேட்டுவிட்டதைப் போல.

சின்னப் பெட்டியின் முதுகுப் பக்கம் குனிந்து பார்த்தவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "அட, மைக் சொருகுற ஓட்டையில இதைச் சொருகி வெச்சிருக்கீங்களே! பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதான் கண்டபடி கத்துது."

வயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் மாற்றினார். சத்தம் பட்டென்று அடங்கியது. மருமகன் நீளமாக ஒரு மூச்சு விட்டார். இரண்டு பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றினார்கள்.

தெருமுனையில் மகள் ஏறிக்கொண்டு மைக்கை வாங்கினாள். "காணவில்லை. வெள்ளைச் சட்டை. பேச்சு வராது. பார்த்தவங்க தயவு செஞ்சு சொல்லுங்க." குரல் கனமாகப் போய் விழுந்தது. வீட்டுக்கு வீடு தலைகள் எட்டிப் பார்த்தன. யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. இப்படியே நான்கைந்து தெரு தாண்டிவிட்டார்கள்.

"கிளம்பறதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் மகள், மைக்கைத் தாழ்த்தி.

"உங்க வீட்டுக்காரர் பண்ணின வேலைம்மா. பாஸ் பெட்டியை மைக் ஓட்டையில சொருகிட்டாரு. அப்படிச் சொருகினா அது பேசாது, அதுக்குக் காது முளைச்சிடும். எது மேல வெச்சிருக்கோமோ அதோட சத்தத்தை எடுத்துக் குடுக்கும். மூணு மூணா டொம் டொம்னு..."

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு சவுண்டு ஆட்டோவை நிறுத்தினார்.

"மூணு மூணாவா?" மகளின் கையிலிருந்து மைக் நழுவியது. "பேச்சு போனதுலேர்ந்து அப்பா யாரையாவது கூப்பிடணும்னா மூணு தடவைதான் தட்டுவாரு. பெட்டியை எது மேல வெச்சிருந்தீங்க?"

மருமகன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசல்ல அந்த சிமென்ட் பலகை மேல. வந்தப்போ அதுவும் திறந்து கிடந்துச்சு. யாராவது தவறி விழுந்துடப் போறாங்கன்னு நான்தான் இழுத்து மூடினேன்."

"அது தண்ணித் தொட்டிங்க," என்றாள் அவள். "நாம வர்றோம்னா அப்பா காலி பண்ணிட்டு, உள்ள இறங்கிக் கழுவி வைப்பாரு."

சவுண்டு வண்டியைத் திருப்பும்போது தெருக்குழாய் இரண்டு தடவை இருமியது. பிறகு மத்தியானத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.