பதில் தெரியாத கேள்வி

"செத்துப்போனவன் கோர்ட்டுல சாட்சி சொல்றான்னு எழுதியிருக்கீங்க. அவனை எப்படிக் குறுக்கு விசாரணை பண்றது?"

புத்தக வெளியீட்டு விழாவில் முன்வரிசையிலிருந்து எழுந்து இப்படிக் கேட்டவர் வேறு யாருமில்லை, மேடையில் உட்கார்ந்திருந்த எழுத்தாளரைப் பெற்ற அப்பாதான். கிரிமினல் வக்கீல். கூண்டில் ஏறுகிற சாட்சிகளைத் திணறடிப்பதில் பேர் போனவர்.

மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதல் நாவல் வேறு. கொஞ்சம் முன்புதான் கடைசி வரிசை ஆசாமி ஒருவர், "கோர்ட் சீன் எல்லாம் யார் கைவண்ணம்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி, அரங்கமே சிரித்து முடித்திருந்தது. அப்பா ஆதரவாக இரண்டு வார்த்தை பேசுவார் என்று பார்த்தால், வாங்கு வாங்கென்று வாங்குகிறார்.

"அப்பா, அது வந்து..."

"இங்கே அப்பா கிடையாது. கேள்விக்குப் பதில்."

மகள் மைக்கை இழுத்துக்கொண்டாள். "செத்தவனோட நினைவைத் திரையில ஓட்டிக் காட்டற மெஷின் அது. கேள்வி கேட்டா, நினைவுல தேடிப் பதிலும் காட்டும்."

"நினைவு பொய் சொல்லாதா?"

"சொல்லாது. ஆனா முழுசும் சொல்லாது. அதுதான் கதையே."

பக்கத்தில் இருந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மனுஷன் அசையவில்லை.

"மெஷின் ஒருத்தன் முகத்தைக் காட்டுது. அவன்தான் கொலைகாரன்னு எல்லாரும் சொல்றாங்க. கடைசிப் பக்கத்துல நீதிபதி அவனை விடுதலை பண்றார். காரணமே சொல்லலை. எழுத மறந்துட்டீங்களா, இல்லை எழுதத் தெரியலையா?"

மகள் எழுந்து நின்றாள்.

"காரணம் அஞ்சாவது அத்தியாயத்துலயே இருக்கு. செத்தவனுக்குக் காயம் முதுகுல. குத்தினவன் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. கடைசியா பார்த்தது, விழாம தாங்கிப் பிடிக்க எதிர்ல ஓடி வந்தவனோட முகம். மெஷினை நம்பினவங்க யாரும் காயத்தைப் பார்க்கலை. நீதிபதி பார்த்தார்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கடைசி வரிசை ஆசாமி அவசர அவசரமாக அஞ்சாவது அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வேறு கேள்வி இல்லை" என்று வக்கீல் உட்கார்ந்தார்.

மகள் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அப்பாவும் அம்மாவும் காரில் காத்திருந்தார்கள். அம்மா பொரிந்து தள்ளினாள்.

"பெத்த பொண்ணை நாலு பேர் முன்னாடி இப்படியா நிக்க வைப்பாங்க? அவ திணறியிருந்தா?"

"எனக்கும் அதே பயம்தான். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதேங்கறது எங்க தொழில்ல முதல் பாடம். இன்னைக்குத்தான் அதை மீறினேன்."

"தெரியாதா? விழுந்து விழுந்து படிச்சீங்களே!"

"படிச்சேன். அந்த முதுகுக் காயம் எனக்கே தட்டுப்படலைடி!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இனிமே எவனாவது இதை அப்பன் எழுதிக் கொடுத்தான்னு சொல்லட்டும், பார்க்கலாம்!"