எதிர்வீட்டு ஓட்டு

"வாக்குச்சாவடியை மூடப்போறாங்க. ஊரையெல்லாம் ஓட்டுப் போடச் சொல்லித் தொண்டை கட்டிக்கிட்ட மனுஷன், இன்னும் மெஷினை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே?" என்றாள் தையல்காரரின் மனைவி.

"இந்தத் தடவை நான் போடலை."

"ஏன், எதிர்வீட்டுப் பிளம்பர் உங்க மனசை மாத்திட்டாரா? தினமும் வாசல்ல நின்னு ரெண்டு பேரும் கட்சிச் சண்டை போட்டீங்களே, கடைசியில அவர் பக்கம் சாய்ஞ்சிட்டீங்களா?"

"அந்தக் கட்சிக்கா? செத்தாலும் மாட்டேன்."

"அப்புறம் என்னதான் வந்தது உங்களுக்கு?"

தையல்காரர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து நம்ம தண்ணித் தொட்டியில அடைப்பு எடுக்க ஏறித்தானே அவர் விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டார்? நம்மளால அவர் கட்சிக்கு ஒரு ஓட்டுப் போச்சு. நான் மட்டும் போய் என் கட்சிக்குப் போட்டுட்டு வந்தா சாமிக்கு அடுக்குமா?"



அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி பிளம்பர் உட்கார்ந்திருந்தார்.

"யோவ் டெய்லரே, உன்னைக் காணோம்னு உங்க கட்சிக்காரங்களே தேடறாங்க. என் கால்தானே ஒடிஞ்சுது, உனக்கென்ன கேடு? நீ போடாம நாங்க ஜெயிச்சா அது ஒரு ஜெயமாய்யா? ஏறு."

வழியெல்லாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். சாவடி மாடியில் இருந்தது. தன் கட்சிக்கு எதிரான அந்த ஓட்டைத் தையல்காரர் முதுகில் சுமந்துகொண்டு படியேறினார்.