ஆறு பச்சைச் சதுரங்கள்

“நூற்றியிருபதில நூற்றிப்பதினாலு செத்துப்போச்சு!” என்று முனகிவிட்டு றஜிதா மேசையில் தலையைக் கவிழ்த்தாள்.

செத்தவை மிளகாய்க் கன்றுகள்தான். ஆனால் பெற்ற பிள்ளைகளுக்கு அழுவது போலத்தான் அழுதாள்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் அந்தப் பசுமைக்குடிலில் மூன்று வருடமாக அவளுக்கு இதே வேலை. உப்பைத் தாங்கும் ஒரு மிளகாய் கிடைத்தால், கடல்நீர் ஏறிப் பாழாய்க் கிடக்கும் இலங்கைத்துறைக் காணிகளில் மறுபடி பயிர் வைக்கலாம். மூன்று வாரத்துக்கு முன்பு தொடங்கியது கடைசிச் சோதனை. அதுவும் தோற்றால் இன்று பதினொரு மணிக்குக் குடிலுக்குப் பூட்டு என்று பணிப்பாளர் சொல்லியிருந்தார்.

மணி பத்தரை.

“அழாதேங்கோ மிஸ், அல்லாஹ் ஒரு வழி விடுவான்” என்றாள் பல்கீஸ். கிண்ணியாவிலிருந்து வந்து கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள்.

“நீங்களாவது இந்தப் பிளேன்டீயைக் குடியுங்கோ. எனக்கு இறங்காது.”

“நோம்பு மிஸ்.”

“ஐயோ, மறந்துபோனன்!”

றஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆனது ஆகட்டும் என்று கணினியில் புதிதாக ஒரு நிரல் எழுதினாள். குடிலில் ஒவ்வொரு கன்றின் சாடியும் நிற்கும் அதே இடத்தில் திரையில் ஒரு சதுரம். உயரமும் இலையும் குறைந்தால் சிவப்பு, கூடினால் பச்சை. ஓடவிட்டாள்.

திரையெல்லாம் சிவப்பு. பிழைத்த ஆறும் ஒரே மூலையில், ஒட்டி ஒட்டிப் பச்சையாக நின்றன! ஒரே இனமா என்றால் அதுவும் இல்லை. சீட்டுக் குலுக்கி வைத்த ஆறு வெவ்வேறு இனங்கள்.

“பல்கீஸ், அந்த மூலைக்கு உப்புத்தண்ணி குறைச்சு விட்டனீங்களோ?”

“வல்லாஹி மிஸ், ஒரு சொட்டும் குறைக்கேல்ல. நீங்கள் சொன்ன அளவுதான்.”

றஜிதா ஓடிப்போய் அந்த மூலைக் குழாய்த் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தாள். வாய் கரித்தது. மண்ணும் ஒரே குவியல், வெயிலும் ஒரே வெயில். அப்படியென்றால் உப்பையே வெல்லும் ஏதோ ஒன்று அந்த மூலையில் இருக்கிறது!

உடனே பணிப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“சேர், பூட்டாதேங்கோ! விஷயம் மிளகாய்க் கண்டில இல்ல, அது நிக்கிற இடத்தில இருக்கு. கும்பிட்டுக் கேக்கிறன் சேர்!”

அந்த மனிதரிடம் இரக்கம் தேடுவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கெஞ்சினாள், அழுதாள், கணக்கெல்லாம் சொன்னாள். கடைசியில் கல்லும் கரைந்தது.

“சரி, இன்னும் ஒரு வருஷம் தாறன். இப்பவே கொழும்புக்கு அறிவிக்கிறன்” என்று வைத்துவிட்டார்.

றஜிதா பல்கீஸைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். “அந்த மூலையில நிண்ட ஆறு கண்டும்தான் எங்களைக் காப்பாத்தினது!”

பல்கீஸின் முகம் பூவாய் மலர்ந்தது.

“கந்தோரால எனக்குத் தாற குடிதண்ணிப் போத்தல் நோம்பில வீணாப் போகுதெண்டு, அதுகளுக்கு நான்தானே மிஸ் ஒவ்வொரு நாளும் ஊத்துறனான்!”